அம்மாவின் விரல்களுக்கு அல்ட்ராசவுண்ட்: "ஒன்றுமில்லை" என்று வந்த பிறகும் மறுபடி எதற்கு?

பிறைக்காரி | செவ்வாய், இரவு 10:42

வணக்கம். நான் இருப்பது பிறையில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். விஷயம் என் அம்மாவைப் பற்றியது. வயது 57, காலையில் ஒட்டுக்கடையில் தோசை வியாபாரம். ஏழெட்டு மாதமாக இரண்டு கை விரல்களும் காலையில் மடங்க மாட்டேன் என்கின்றன. நாலரைக்கு எழுந்தால் ஆறு மணிக்குத்தான் கரண்டி பிடிக்க வருகிறது. அதுவரை சுடுதண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மேல் பார்த்தால் பழைய ஆள்தான், அதனால் வீட்டிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ருமட்டாய்டு ஃபேக்டர் (முடக்குவாதத்துக்கான ரத்தச் சோதனை) நெகட்டிவ், இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் கொஞ்சம் கூடுதல். கை எக்ஸ்ரே சுத்தம். "வயசாச்சு, மாவு கரைக்கிற கை" என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். மனசு கேட்காமல் ஒரு தனியார் இடத்தில் சில நூறு வெள்ளி கட்டி இரண்டு கைக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். அதுவும் நார்மல் என்றே வந்தது.

இப்போது ஜி.எச்.சில் ருமட்டாலஜி (மூட்டுவாதப் பிரிவு) தேதி கிடைத்துப் போனோம். அந்த டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் அல்ட்ராசவுண்ட் என்கிறார். அம்மா, "வயித்துப் பிள்ளையைப் பார்க்கிற மெஷினை வச்சுக் கையில என்னத்தைத் தேடுறாங்க" என்கிறார். எனக்கும் அதே சந்தேகம். ஒரு தடவை நார்மல் என்றால் நார்மல்தானே? அதற்குப் பதில் எம்ஆர்ஐ கேட்கலாமா?

தண்ணீர்மலை மாமா | செவ்வாய், இரவு 11:15

அம்மாடி, நான் சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். பால்மரம் வெட்டும் பெண்களின் கையைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. எங்களிடம் இருந்தது இரண்டு கட்டைவிரல் மட்டும். கை குலுக்குவதுபோல் விரல் அடிமூட்டுகள் நான்கையும் குறுக்கே சேர்த்து மெதுவாக அமுக்குவேன். முகம் சுளித்தால் வாதம், அதாவது மூட்டு அழற்சி. சாயங்காலம் வலி கூடினால் தேய்மானம், காலையில் கூடினால் வாதம். இதற்கு மெஷின் எதற்கு? இப்போது எல்லாமே ஸ்கேன்தான். உங்கள் ஜி.எச். டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்தார் என்றீர்களே, அதுவே பெரிய விஷயம்.

புரோப் பிடிப்பவள் | புதன், காலை 7:05

மாமா சொன்ன அந்த அமுக்கல் சோதனையை இன்றைக்கும் எல்லா ருமட்டாலஜி டாக்டர்களும் செய்கிறார்கள், அதை யாரும் குப்பையில் போடவில்லை. நான் கேஎல்லில் ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. பாதி நாள் கையும் காலும்தான் பார்ப்பேன்.

பிறைக்காரி, முதலில் எக்ஸ்ரே விஷயம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். வாதம் முதலில் பிடிப்பது எலும்பை அல்ல, மூட்டின் உள்பக்கம் புறணிபோல் இருக்கும் மெல்லிய சவ்வை. அந்தச் சவ்வு தடித்து, நீர் சுரந்து, புதிதாக ரத்த நாளங்கள் முளைத்து, அப்புறம்தான் ஓரத்து எலும்பை அரிக்கும். எக்ஸ்ரேயில் அரிப்பு தெரிகிறதென்றால் வீடு ஏற்கெனவே கொஞ்சம் எரிந்துவிட்டது. ஆரம்ப மாதங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

பிள்ளையைப் பார்க்கும் மெஷின் என்று அம்மா சொன்னது சரியே, மெஷின் ஒன்றுதான், புரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடிக் கருவி) வேறு. வயிற்றுக்குள் ஆழமாகப் போக 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி வேண்டும். விரலுக்கு ஆழம் தேவையில்லை, நுணுக்கம் தேவை. அதனால் 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ், சில இடங்களில் அதற்கும் மேல், பட்டையான சின்ன புரோப். வயிற்றுப் புரோப்பை விரலில் வைத்தால் பனிமூட்டத்தில் பினாங்குப் பாலம் பார்த்த கதைதான்.

திரையில் எலும்பு பளீரென்ற வெள்ளைக் கோடு. நீர் கறுப்பு, அமுக்கினால் ஓடிப்போகும். தடித்த சவ்வு அழுக்குச் சாம்பல் நிறம், அமுக்கினாலும் அவ்வளவாக நகராது. இதுவரை கறுப்பு வெள்ளைப் படம். அடுத்து பவர் டாப்ளர் என்று ஒரு பொத்தான் உண்டு. ஓடுகிற ரத்தத்தை மட்டும் சிவப்பாக, ஆரஞ்சாகக் காட்டும். நல்ல மூட்டின் சவ்வில் அநேகமாக எதுவும் தெரியாது, சிவப்பு மின்னினால் அங்கே அழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 0 முதல் 3 வரை தரம் போடுவோம். அங்கொன்றும் இங்கொன்றும் புள்ளி என்றால் 1, சவ்வில் பாதிக்கு மேல் சிவப்பு என்றால் 3. கையால் தொட்டுப் பார்த்தால் வீக்கம் தெரியலாம், ஆனால் அது பழைய தடிப்பா, இப்போது எரிகிறதா என்று கட்டைவிரலால் சொல்ல முடியாது மாமா.

இப்போது கேள்வி: அந்தத் தனியார் ரிப்போர்ட்டில் டாப்ளர் என்ற சொல் எங்காவது இருக்கிறதா?

பிறைக்காரி | புதன், மதியம் 1:20

அக்கா, ஓய்வு நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். மொத்தமே நாலு வரி. "தசைநார் கிழியவில்லை, நீர்க்கட்டி இல்லை." டாப்ளர் இல்லை. எந்த மூட்டைப் பார்த்தார்கள் என்றுகூட எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டேன், "அஞ்சு நிமிஷம், நல்லா அழுத்தித் தேச்சாங்க, வலிச்சுது" என்றார்.

புரோப் பிடிப்பவள் | புதன், மதியம் 1:48

அழுத்தித் தேய்த்தார்களா. சரி, பாதி பதில் அங்கேயே இருக்கிறது. அந்தச் சின்ன ரத்த நாளங்களில் அழுத்தம் மிகக் குறைவு. புரோப்பைக் கொஞ்சம் அமுக்கினாலே ரத்தம் ஒதுங்கிவிடும், சிவப்பு காணாமல் போகும். நாங்கள் ஜெல்லை மேடுபோல் குவித்து, புரோப் தோலில் பட்டும் படாமல் மிதக்கவிட்டுப் பார்ப்போம். கை மேசையில் தளர்வாகக் கிடக்க வேண்டும், விரலை விறைத்தாலும் மடக்கினாலும் சிவப்பு குறையும். கை சில்லிட்டிருந்தாலும் குறையும். ஏர்கோன் 18-இல் ஓடுகிற அறையில் அரை மணி நேரம் காத்திருந்து உள்ளே வருகிறவர்களின் கையை முதலில் துணியில் சுற்றிச் சூடாக்கச் சொல்வேன். சிரிப்பார்கள்.

இரண்டு கை முழுக்க முறையாகப் பார்க்க ஐந்து நிமிடம் போதவே போதாது. அவர்கள் பார்த்தது பொய் என்று சொல்லவில்லை. கேட்ட கேள்வி "தசைநார் கிழிந்ததா" என்பது, அதற்குப் பதில் "இல்லை". வாதமா என்று யாரும் கேட்கவில்லை.

செந்தூல் சீரோநெகட்டிவ் | புதன், மாலை 6:30

என் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒன்பது வருடம் முன்பு ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ், அதே நோய்க்கான இன்னொரு ரத்தச் சோதனையான ஆன்டி-சிசிபியும் நெகட்டிவ். "ரத்தத்தில் இல்லை, அதனால் வாதம் இல்லை" என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அந்த ஒன்றரை வருடத்தின் கையெழுத்து என் வலது மணிக்கட்டில் இருக்கிறது, இன்னும் முழுசாகத் திரும்பாது. ரத்தத்தில் எதுவும் இல்லாத முடக்குவாதம் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ஸ்கேன் அதிகம் உதவும். பாசிட்டிவ் வந்து, மூட்டும் பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தால் ஸ்கேன் இல்லாமலே டாக்டர் முடிவெடுத்துவிடுவார்.

எம்ஆர்ஐ பற்றி: விரலுக்கு எடுத்தால் நன்றாகத் தெரியும், எலும்புக்குள் ஊறும் நீரைக்கூடக் காட்டும், அதை அல்ட்ராசவுண்ட் காட்டாது. ஆனால் செலவு, காத்திருப்பு, சாயத்து ஊசி எல்லாம் உண்டு, ஒரு கையைத்தான் ஒரு நேரத்தில் எடுப்பார்கள். முதுகுத்தண்டு, அதன் அடியில் இடுப்பெலும்போடு சேரும் மூட்டு, இவற்றில் வாதம் என்றால் மட்டும் நேராக எம்ஆர்ஐ கேளுங்கள். அங்கே எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை ஒலி போய்ப் பார்க்காது.

கிள்ளான்காரன் | புதன், இரவு 9:02

அம்மாவுக்கு இதற்கு முன் காய்ச்சல் வந்ததா? சிக்குன்குன்யா வந்தால் மாதக்கணக்கில் விரல் மூட்டு இதேபோல் பிடிக்கும். எங்கள் கிள்ளானில் 1998-இல் வந்தது, அதற்குப் பத்து வருடம் கழித்து நாடு முழுக்கச் சுற்றியது. என் பெரியம்மா ஒரு வருடம் நொண்டினார். ஸ்கேனில் சிவப்பு தெரிந்தால் எல்லாமே முடக்குவாதமா என்ன?

புரோப் பிடிப்பவள் | புதன், இரவு 9:40

நல்ல கேள்வி. இல்லை. சிவப்பு என்றால் அழற்சி, அவ்வளவுதான். யார் தீ வைத்தது என்று அது சொல்லாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் தெரியும், சொரியாசிஸ் வாதத்திலும் தெரியும், தேய்மானம் பிடித்த விரல் நுனி மூட்டிலும் சில சமயம் தெரியும். பாத விரல்களில் லேசான சவ்வுத் தடிப்பு நல்ல ஆரோக்கியமான ஆட்களிடமே இருக்கும், அதை நோய் என்று எழுதிவிட்டால் பாவம். ஓரிடத்தில் மட்டும் ஒலி கொஞ்சம் அடையாளமும் தரும். கவுட் என்றால் குருத்தெலும்பின் மேல்பரப்பில் யூரிக் ஆசிட் படிகங்கள் படிந்து, எலும்புக் கோட்டுக்கு இணையாக இன்னொரு வெள்ளைக் கோடு ஓடும். ரயில் தண்டவாளம்போல இரண்டு கோடு. 2015-இல் வந்த கவுட் வகைப்பாட்டு விதிகளில் இதற்குப் புள்ளியே உண்டு.

தண்ணீர்மலை மாமா | புதன், இரவு 10:11

அந்தத் தண்டவாளம் என் பெருவிரலில் இருக்கிறதாம். மூன்று வருடம் முன்பு காட்டினார்கள். அன்றிலிருந்து நண்டு, நெத்திலி எல்லாம் வாசனையோடு சரி. ஒப்புக்கொள்கிறேன், அதை என் கட்டைவிரல் கண்டுபிடித்திருக்காது.

இன்னொன்று கேட்கிறேன், அம்மாடி கோபித்துக்கொள்ளக் கூடாது. அம்மா வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆஸ்பத்திரியில் கொடுத்தது இல்லை. வெளியில் வாங்கியது. தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து நான் முதலில் கேட்கிற கேள்வி இது.

பிறைக்காரி | வியாழன், இரவு 8:55

மாமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? நேற்று இரவு கேட்டேன். முதலில் இல்லை என்றார். இன்று மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்து வந்து கொடுத்தார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு (மூலிகை மருந்து), "வாதம், நரம்பு, முதுகு" என்று எழுதியிருக்கிறது. நாலு மாதமாகச் சாப்பிடுகிறாராம். "அது போட்டா மூணாம் நாளே கை விரியுது, ஆஸ்பத்திரி மருந்து அப்படி வேலை செய்யுதா" என்று என்னிடமே சண்டை. முகம் கொஞ்சம் உப்பியிருப்பதை நாங்கள் உடம்பு தேறியது என்று நினைத்தோம்.

தண்ணீர்மலை மாமா | வியாழன், இரவு 9:10

மூன்றாம் நாளே கை விரிந்தால் அது வேர், பட்டை செய்கிற வேலை இல்லை அம்மாடி. உள்ளே ஸ்டீராய்டு இருக்கும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் கலந்த ஜாமுவைப் பற்றிச் சுகாதார அமைச்சு எத்தனை தடவை எச்சரித்திருக்கிறது. போத்தலைத் திருப்பிப் பாருங்கள், மால் என்று தொடங்கும் பதிவு எண், ஹோலோகிராம் ஒட்டுப்படம் இருக்கிறதா?

பிறைக்காரி | வியாழன், இரவு 9:14

எண் இல்லை. ஒரு புலிப் படம் இருக்கிறது.

புரோப் பிடிப்பவள் | வியாழன், இரவு 9:31

மாமா, வணக்கம் வைக்கிறேன். மீதிப் பாதி பதில் இதுதான். ஸ்டீராய்டு உள்ளே போனால் டாப்ளர் சிவப்பு அணைந்துவிடும். சில வலி மாத்திரைகளேகூடக் குறைக்கும். அந்தத் தனியார் இடத்தில் எவ்வளவு நன்றாகப் பார்த்திருந்தாலும் அன்றைக்கு நார்மல்போலவே தெரிந்திருக்கலாம்.

ஆனால் பிறைக்காரி, இப்போது அவசரமான விஷயம்: ஸ்கேனில் நன்றாகத் தெரியட்டும் என்று அதை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நாலு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் உடம்பு அதைச் சொந்தமாகச் சுரக்க மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது, உயிருக்கே ஆபத்து. போத்தலோடு டாக்டரிடம் போங்கள், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அவர் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவார்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 8:20

நடுவில் புகுந்து ஒன்று கேட்கிறேன், என் மனைவி மூன்று வருடமாக முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கிறாள், கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு தனியார் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தால்தான் மருந்தைச் சரியாகக் கூட்டிக் குறைக்க முடியும் என்கிறார்கள். ஜி.எச்.சில் 5 வெள்ளிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறோம், அங்கே ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் செய்வதில்லை. நாங்கள் எதையாவது இழக்கிறோமா?

செந்தூல் சீரோநெகட்டிவ் | வெள்ளி, காலை 10:05

எனக்கும் இந்தப் பயம் இருந்தது, அதனால் படித்துப் பார்த்தேன். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு மூட்டைத் தொட்டு எண்ணி மருந்தை மாற்றினார்கள், இன்னொரு குழுவுக்கு அதோடு அல்ட்ராசவுண்டும் பார்த்து மாற்றினார்கள். 2016-இல் வெளியான நார்வே முடிவில், ஸ்கேன் குழு பெரிதாக எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. கூடுதல் மருந்துதான் போனது. ஆகவே கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. கை நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் வலி என்கிறார், அல்லது மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டர் தயங்குகிறார், அந்த மாதிரி நேரத்தில் எடுத்தால் காசுக்கு மதிப்பு.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 10:30

நன்றி. வருடத்துக்கு நாலு தடவை சில நூறு வெள்ளி மிச்சம். மனைவியிடம் சொல்லப் போவதில்லை, மிக்சி வாங்கச் சொல்வாள்.

பிறைக்காரி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:12

இழையை அப்படியே விட்டுவிட்டேன், மன்னிக்கவும். போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே டாக்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டார், அம்மாவைத் திட்டவில்லை. அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி வாரம் வாரம் குறைத்தார். குறையக் குறைய அம்மா பட்ட பாட்டை எழுத வேண்டாம், இரண்டு வாரம் கடை திறக்கவில்லை.

குறைந்த அளவுக்கு வந்த பிறகு ஸ்கேன். ருமட்டாலஜி டாக்டரே செய்தார். முக்கால் மணி நேரம். அக்கா சொன்னபடி ஜெல் மேடு, கையில் துண்டு. நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். முதலில் சாம்பல் நிறமாக ஏதோ, பிறகு அவர் பொத்தானை அழுத்தியதும் வலது மணிக்கட்டில் சிவப்பு குபுக்கென்று வந்து போனது, நாடி துடிப்பதுபோல. அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. அப்புறம் மெல்ல, "நான் பொய் சொல்லலன்னு தெரியுதா" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, டாக்டரிடமா, தெரியவில்லை.

கையால் எண்ணியபோது டாக்டருக்கு ஆறு மூட்டு கிடைத்தது. ஸ்கேனில் பன்னிரண்டு. ஆச்சரியம் என்னவென்றால் கால். அம்மா கால் வலி என்று சொன்னதே இல்லை, "செருப்பு கடிக்குது" என்று மட்டும் சொல்வார். இடது சுண்டுவிரல் அடிமூட்டில் எலும்புக் கோடு உடைந்திருந்தது. புரோப்பைக் குறுக்கேயும் நெடுக்கேயும் வைத்து இரண்டிலும் தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு அரிப்பு என்றார். எங்கள் எக்ஸ்ரே எல்லாமே கைக்குத்தான் எடுத்தோம்.

ஆன்டி-சிசிபியும் நெகட்டிவ். தலை, நகம் எல்லாம் பார்த்து சொரியாசிஸ் இல்லை என்றார். ரத்தத்தில் எதுவும் காட்டாத முடக்குவாதம் என்று எழுதியிருக்கிறார்.

புரோப் பிடிப்பவள் | ஞாயிறு, மாலை 5:30

சுண்டுவிரல் அடிமூட்டு! முதல் அரிப்பு பல பேருக்கு அங்கேதான் தொடங்கும். கைக்கு மட்டும் ஸ்கேன் எழுதி அனுப்புகிறவர்களிடம் காலையும் சேர்க்கச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த ஆறு, பன்னிரண்டு கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து போட்ட புள்ளி முறையில் முடக்குவாதம் என்று வகைப்படுத்தப் பத்துக்கு 6 வேண்டும். சின்ன மூட்டு நாலிலிருந்து பத்து என்றால் 3 புள்ளி, பத்துக்கு மேல் போனால் 5. இஎஸ்ஆர் கூடுதலுக்கு 1, ஆறு வாரம் தாண்டியதற்கு 1. ரத்தத்துக்கு உங்கள் அம்மாவுக்குச் சுழியம். ஆக கையால் எண்ணினால் 5, ஒரு புள்ளியில் வெளியே நிற்கிறார். ஸ்கேனோடு எண்ணினால் 7. மூட்டு அழற்சியை ஸ்கேனில் உறுதி செய்துகொள்ளலாம் என்று அந்த முறையே இடம் கொடுக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கப் போட்ட கணக்கு அது, டாக்டர் அதை மட்டும் வைத்து மருந்து எழுத மாட்டார். ஆனாலும்.

தண்ணீர்மலை மாமா | ஞாயிறு, மாலை 6:02

ஆறு நான் கண்டுபிடித்திருப்பேன். மீதி ஆறு கிடையாது. மருந்து என்ன கொடுத்தார்கள்?

பிறைக்காரி | ஞாயிறு, மாலை 6:40

மெத்தோட்ரெக்சேட், மாமா. முதலில் ஈரல், ரத்த அணு, ஹெப்படைடிஸ், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டுத்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் ஆபத்து என்று தாதி மூன்று தடவை சொல்லி, பையில் சிவப்பு மையால் "திங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அம்மா திங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அன்றைக்குக் கடை லீவு. இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட். வேலை செய்ய ரெண்டு மூணு மாதம் ஆகுமாம். ஜாமு மூணே நாளில் செய்ததே என்று இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது.

செந்தூல் சீரோநெகட்டிவ் | ஞாயிறு, இரவு 7:15

முணுமுணுக்கட்டும். எனக்குப் பதினோராவது வாரத்தில்தான் சட்டைப் பொத்தான் போட வந்தது. வயிறு புரட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை ஒளித்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவு டின்னுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.

புதுவரவு_ஜெலுத்தோங் | திங்கள், காலை 9:48

வணக்கம், இன்றுதான் சேர்ந்தேன். என் மாமியாருக்கு முழங்கால் வலி. மேலே ஒருத்தர் சொன்னாரே, மூணு நாளில் கேட்கிற ஜாமு, புலிப் படம் போட்டது, அது எந்தப் பாசார் மாலாமில் கிடைக்கும்?

தண்ணீர்மலை மாமா | திங்கள், காலை 9:51

தம்பி, முதல் பதிவிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கிறேன்.